உஷ் டீச்சரும் உடன்செவியும்

ரித்தீஷ் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் மாவு மில் நடத்துவான் என்று அவனைப் பெற்றவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலம் அப்படி. உடுமலைப் பக்கத்துத் தோட்டம் காடெல்லாம் ரித்தீஷும் பிரணவும் தர்ஷனுமாக நிறைந்து கிடந்தது. பிறகு மோஸ்தர் மாறிவிட்டது. ரித்தீஷுக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பொன்னாத்தா, எதிர்க் கட்டிலில் ஒரு மயிலாத்தா. அவனும் அவன் மனைவி ஹர்ஷினியும் சளைக்காமல் தங்கள் மகளுக்கு அருக்காணி என்று பெயர் வைத்தார்கள்.

அருக்காணிக்கு இப்போது எட்டு வயது. பேச்சு குறைவு. வேண்டியது எதுவோ அதனிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். ரொம்ப அவசரம் என்றால் ஒரு வார்த்தை வரும். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். சொன்ன டாக்டரம்மா நல்ல மாதிரி. "இது சீக்கு இல்லீங்க. இவ உலகத்தைக் கேக்கற விதம் வேற. நமக்கு வேண்டாத சத்தத்தை நம்ம மூளை ஓரங்கட்டி வெச்சுரும். இவளுது அப்பிடி வெக்காது, எல்லாத்தையும் உள்ள விட்டுரும்" என்றார்.

ரித்தீஷ் அன்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தானே தவிர, மில்லில் மகளைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டரம்மா தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று தோன்றும். குழம்பு தாளிக்கிற சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளை, மோட்டார் கடகடக்கிற மில்லுக்குள் கோதுமை மூட்டை மேல் சாய்ந்துகொண்டு சொகுசாக உட்கார்ந்திருப்பாள். மோட்டார் ஓட ஓட அதே சுருதியில் "ம்ம்ம்" என்று இழுப்பாள். சந்தோஷம் வந்துவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை உதறுவாள். அரைக்க வந்த பெண்கள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி இன்னைக்கு நெம்பக் குசாலா இருக்கறா போலிருக்குது" என்பார்கள். வெளியே மாவை வீட்டுக்குக் கொண்டுபோகிற டிரோன் எல்லாம் வந்து நின்றுகொண்டிருக்கும். மில்லுக்குள் மட்டும் அதே பழைய மோட்டார், அதே மாவு வாசம், மூக்கு நுனியில் வெள்ளையாக மாவு அப்பிய மகள். பள்ளிக்கூடம் என்ற பேச்சு வருவதற்கு முந்தைய அந்த நாட்களை நினைத்தால் ரித்தீஷுக்கு இப்போதும் நெஞ்சு இளகிவிடும்.

பள்ளிக்கூடத்துப் பேச்சோடுதான் உடன்செவியும் வந்தது.

உடன்செவி என்பது நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற ஒரு துணிப்பட்டை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடங்கள் வாசலிலேயே விரட்டிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் யோசித்து அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வைத்தார். அந்தப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தவள் ரெஹானா. வட்டாரக் கல்வி மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், கண்ணில் நல்ல துறுதுறுப்பு.

"ரெண்டு வாரம் அருக்காணி இதைக் கட்டிட்டு இருக்கட்டும்ண்ணா. அவ எப்பிடிக் கேக்கறாங்கறத இது படிச்சுக்கும். அப்புறம் இதே பட்டையைப் பெரியவங்க கட்டினா, அவ கேக்கற மாதிரியே அவங்களுக்கும் கேக்கும்" என்றாள்.

"கேட்டா?"

"ஸ்கூல்ல சேத்த மாட்டேன்னு ஒரு ஹெட்மாஸ்டர் சொல்லோணும்னா, முதல்ல அவர் ஒரு வேளை இதைக் கட்டிட்டு அவரோட ஸ்கூல்லயே உக்காரோணும். பிள்ளை என்ன பாடுபடுதுன்னு தெரிஞ்சா யாருக்குங்கண்ணா வேண்டாம்னு சொல்ல மனசு வரும்?"

அவள் கேட்டது ஞாயமாகத்தான் இருந்தது. ஹர்ஷினிக்கு அன்றைக்கே பாதி பாரம் இறங்கிப்போயிற்று. ரெஹானா மட்டும் போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னாள். பட்டையைக் கட்டுகிறவரின் உடம்பு எவ்வளவு வேதனைப்படுகிறது என்று அவள் கையிலிருக்கும் டேப்லெட்டில் ஒரு கோடு காட்டும். அந்தக் கோடு ஓர் அளவுக்கு மேல் ஏறிவிட்டால், பிள்ளையின் நலனைக் கருதிச் சேர்க்க இயலாது என்று சொல்லப் பள்ளிக்கு உரிமை உண்டு. மூன்று பள்ளிகள் அப்படிச் சொல்லிவிட்டால் பிள்ளையை அமைதி வளாகத்தில் சேர்த்துவிடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதி அது, மலை மேல் இருக்கிறது. பெற்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

"அதெல்லாம் சும்மா சட்டத்துல எழுதி வெச்சிருக்கறது. அவ்வளவு தூரம் போகாதுங்கண்ணா" என்றாள் ரெஹானா.

போயிற்று. முதல் பள்ளி, ஊருக்குள் பேர்போன பெரிய பள்ளி. அங்கே பிரின்சிபால் பட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். யாரோ பெஞ்சை இழுத்தார்கள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பட்டையைக் கழற்றியபோது கண்ணில் தண்ணீர். ஹர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குழந்தைய இங்க வெச்சுக் கொடுமைப்படுத்த எனக்கு மனசு வரலைங்க" என்றார். நிஜமாகத்தான் சொன்னார். குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பள்ளியில் ஹெட்மாஸ்டர் இன்டர்வெல் மணி வரைதான் தாக்குப்பிடித்தார். மணி அடித்ததும் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். அவரும் ரொம்பத் தங்கமான மனிதர். அருக்காணியின் தலையைத் தடவி, "பாவம் சாமி நீ" என்றார். தலையைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் கையை உதறுவது திருத்த வேண்டிய பழக்கம் என்று இரண்டு பள்ளியிலும் சொன்னார்கள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஹர்ஷினி சொன்னாள்.

"முன்னெல்லாம் திட்டி அனுப்புனாங்க. இப்ப அழுதுட்டு அனுப்பறாங்க. அனுப்பறதென்னமோ அனுப்பத்தான் செய்யறாங்க."

"விடு. இன்னும் ஒண்ணு இருக்குதல்ல" என்றான் ரித்தீஷ்.

"அந்த ஒண்ணு போச்சுன்னா?"

அமைதி வளாகத்தை அவர்கள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாத இடம். தரையெல்லாம் மெத்தை விரிப்பு, கதவுக்கெல்லாம் ரப்பர் விளிம்பு, ஊழியர்கள் பஞ்சுச் செருப்பு போட்டுக்கொண்டு சிரித்த முகமாக நடமாடினார்கள். ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. அருக்காணி அங்கே அழவில்லை, ஓடவில்லை. நடு அறையில் நின்று எதையோ தேடுகிற மாதிரி அப்படியும் இப்படியும் பார்த்தாள். அன்றோடு அவளுடைய "ம்ம்ம்" நின்றுபோயிற்று. வீட்டுக்கு வந்து மில்லில் உட்கார வைத்தும் அது திரும்பி வருவதற்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரம் ரித்தீஷ் மோட்டாரை நிறுத்தவே பயந்தான். அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் வெறுமனே ஓடவிட்டுக்கொண்டு மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் அவன் உடன்செவியைக் கட்டிப் பார்த்ததில்லை. ரெஹானா இரண்டு தடவை நீட்டினாள். மகள் படுகிற பாட்டைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, வேண்டாம் என்றுவிட்டான்.

"மூணாவதா எங்க போறது?" என்றான் அவன்.

"நீங்க படிச்ச ஸ்கூலு" என்றாள் ஹர்ஷினி.

ரித்தீஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உஷ் டீச்சர்கிட்டயா? அவங்கதான் இப்ப அங்க ஹெட்மிஸ்ட்ரஸ். ஈ பறந்தாலே உஷ்னு சொல்லுவாங்க. உன்ற மக மில்லுல பொழுதுக்கும் ராகம் இழுக்கறா. வெளங்கிரும்."

"மத்த எடத்துல எல்லாம் வெளங்கிருச்சாக்கும்" என்றாள் ஹர்ஷினி.

ரித்தீஷ் மில்லுக்குப் போய் மூட்டை மேல் உட்கார்ந்தான். முப்பது வருஷத்துக்கு முந்தைய நாலாம் வகுப்பு அவன் கேட்காமலே வந்து எதிரில் நின்றது.

டீச்சருடைய நிஜப் பெயர் கோகிலவாணி. குயில் மாதிரிக் குரல் என்று அர்த்தம். அந்தக் குரல் அவர் வாயிலிருந்து சத்தமாக வந்து யாரும் கேட்டதில்லை. வெளிர்நீலக் காட்டன் சேலை, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, அதே மாதிரி நாலைந்து வைத்திருப்பார் போல. ஒரு கையில் எப்போதும் ஒரு புளியங்கொட்டை விரல்களுக்கு நடுவே உருண்டுகொண்டே இருக்கும். திட்டும்போதுகூட நம் முகத்தைப் பார்க்க மாட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு திட்டுவார். மத்தியானம் மற்ற டீச்சர்கள் கூடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிச் சாப்பிட, இவர் மட்டும் புத்தக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ரொம்பத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு.

அவர் வகுப்பில் சட்டதிட்டம் ஏகப்பட்டது. பெஞ்சை இழுக்கக் கூடாது, நாலு பேராகச் சேர்ந்து தூக்கி வைக்க வேண்டும். சாக்பீஸ் கிறீச்சிடக் கூடாது என்று ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்து எழுதுவார். யார் கையில் டஸ்டர் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசி முடித்தால் டஸ்டர் கை மாறும். அந்த டஸ்டருக்காகவே பிள்ளைகள் எதையாவது யோசித்து வைத்திருப்பார்கள். நன்றாகச் சொன்னவனுக்குக் கை தட்டினால் டீச்சருக்கு ஆகாது. அதற்குப் பதில் எல்லோரும் இரண்டு கையையும் மேலே தூக்கி, விரல்களைச் சத்தமில்லாமல் உதற வேண்டும். அதற்கு மழை என்று பேர். "எங்க, இவனுக்கு ஒரு மழை காட்டுங்க" என்பார் டீச்சர். முப்பது ஜதை கை காற்றில் துளித்துளியாக ஆடும். ஒரே ஒரு தடவை ரித்தீஷுக்கு அந்த மழை கிடைத்தது. ஏதோ கழித்தல் கணக்குக்கு. அதற்குப் பிறகு கல்யாணத்தன்று ஊரே கை தட்டியபோதுகூட அவ்வளவு பெருமை வந்ததில்லை.

மணி விஷயம் இன்னும் வேடிக்கை. புங்கமரத்துக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. அதை வேறு யாரும் தொடக் கூடாது, டீச்சர்தான் அடிப்பார். "இப்ப மணி அடிக்கப் போறேன்" என்று வகுப்புக்கு வகுப்பு போய்ச் சொல்லிவிட்டு வந்து அடிப்பார். மணியடிக்கிற உரிமையைக்கூட விட்டுக்கொடுக்காத டீச்சர் என்று பையன்கள் பின்னால் போய்ச் சிரிப்பார்கள்.

ரித்தீஷும் சிரித்திருக்கிறான். ஆனால் அந்த வகுப்பு அவனுக்குப் பிடிக்கும். வீட்டில் மூன்று அண்ணன்மார், பேச ஆரம்பித்தால் இவன் குரல் எடுபடாது. அங்கே டஸ்டர் கைக்கு வந்தால் போதும், சொல்லி முடிக்கும்வரை உலகமே காத்திருக்கும். மத்தியான வேளையில் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, ஆடிக் காற்றில் தூரத்துக் காட்டில் காற்றாலை சுற்றுகிற சத்தம் விஸ் விஸ்ஸென்று உள்ளே வரும். வீட்டிலோ தெருவிலோ அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. இப்போது நினைத்தாலும் காதுக்குள் கேட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்தான்.

"சரி, போய்த்தான் பாப்போம்" என்றான் ஹர்ஷினியிடம்.

பள்ளிக்கூடம் அப்படியே இருந்தது. கூரையெல்லாம் சூரியத் தகடு, சுவரெல்லாம் திரை என்று மாறியிருந்தாலும் புங்கமரமும் தண்டவாளத் துண்டும் அதே இடத்தில் இருந்தன. கோகிலவாணி டீச்சருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். சேலை மட்டும் அதே வெளிர்நீலம்.

"ரித்தீசு. கழித்தல்ல கடன் வாங்க மறந்துருவான்" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"ஆமாங்க டீச்சர். இப்பவும் மறந்துருவேன்" என்றான் அவன். ஹர்ஷினி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பள்ளி ஆயிற்று, இதுதான் கடைசி, இங்கேயும் ஆகாதென்றால் பிள்ளை மலைக்குப் போய்விடுவாள்.

டீச்சர் கூட வந்திருந்த ரெஹானாவிடம் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி உறுத்துகிறதா என்று முதலில் புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இதைக் கட்டினா என்ன ஆகும்?"

"நெம்பக் கஷ்டமா இருக்குங்க டீச்சர்" என்றாள் ரெஹானா. முந்தைய இரண்டு பேரும் பட்ட பாட்டைப் பார்த்தவள், அவள் முகத்திலும் முன்னிருந்த துறுதுறுப்பு இல்லை. "எப்ப வேண்ணாலும் கழட்டிரலாம். ஆனா உங்க கிளாஸ்ல வெச்சுக் கட்டினா செல்லாதுங்க. இங்க சத்தமே இல்லையே. சத்தம் இருக்கற எடமாப் பாக்கோணும்."

"அப்ப சோத்து நேரத்துக்கு வாங்க" என்றார் டீச்சர்.

சாப்பாட்டுக் கூடத்தில் டீச்சரின் சட்டம் பலிப்பதில்லை. நூறு பிள்ளைகள், நூறு எவர்சில்வர் தட்டு, சாம்பார் வாளி, "எனக்கு முட்டை வரலை" என்கிற கூப்பாடு. அருக்காணியை ஹர்ஷினி வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் பட்டையைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றார். ரெஹானா டேப்லெட்டைத் தட்டினாள். ரித்தீஷ் வாசலில் நின்றபடி, டீச்சர் எந்த நிமிஷம் சுவரைப் பிடிப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ ஒருவன் தட்டைக் கீழே போட்டான். அது சுற்றிச் சுற்றி அடங்கியது. டீச்சர் அசையவில்லை. புளியங்கொட்டை மட்டும் விரல்களுக்கிடையில் கொஞ்சம் வேகமாக உருண்டது. வாளியை இழுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். டீச்சர் போய் விலக்கிவிட்டார், ஒருவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார். பாதிப் பிள்ளைகள் கை கழுவப் போய்விட்டார்கள். ரெஹானா டேப்லெட்டை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வாசலுக்கு வந்தார். "எப்பம்மா ஆன் பண்ணுவே? பிள்ளைங்க சாப்புட்டு முடிக்கப் போறாங்க."

"ஆன்லதாங்க டீச்சர் இருக்குது. அப்பவே போட்டாச்சு."

"அப்ப ரிப்பேரா இருக்கும். ஒண்ணுமே மாறலையே. எப்பவும் கேக்கற மாதிரிதான் கேக்குது."

ரெஹானா டேப்லெட்டை ரித்தீஷிடம் காட்டினாள். "ஆன் பண்ணதும் கோடு எகிறோணும்ண்ணா. இங்க பாருங்க, ஆன் பண்றதுக்கு முன்னாலயே கோடு உச்சியில இருக்குது. பண்ணதுக்கப்புறமும் அங்கயேதான் இருக்குது. இப்பிடி நான் பாத்ததே இல்லை. நீங்க ஒருக்காக் கட்டிப் பாருங்க, மெஷின்லதான் கோளாறான்னு தெரிஞ்சிரும்."

ரித்தீஷ் தயங்கினான். மரத்தடியில் மகள் தெரிந்தாள். இன்னும் எத்தனை நாள் அவள் கண்ணெதிரில் இருப்பாள் என்று நினைத்தான், பட்டையை டீச்சரிடமிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

முதலில் தட்டுச் சத்தம் என்று நினைத்தான். தட்டு மட்டும் இல்லை. கரண்டி, குழாய்த் தண்ணீர், மின்விசிறி, எங்கோ ஒரு காக்கை, ஒரு பிள்ளை சோற்றை மெல்லுவது, ரெஹானாவின் வளையல், எல்லாம் ஒரே உயரத்தில், எல்லாம் காதோடு ஒட்டினாற்போல், ஒன்றுகூட ஒதுங்கி வழிவிடாமல் வந்தன. ரெஹானா ஏதோ கேட்டாள். வாய் அசைவது தெரிந்தது, வார்த்தையைப் பிடிக்க முடியவில்லை. பட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். கண் நிறைந்துவிட்டது. எட்டு வருஷம் இதற்குள் இருந்துகொண்டா அவள் அப்பா என்று கூப்பிட்டாள்? ஒரே சீராக மற்றதையெல்லாம் மூடிக்கொண்டு ஓடுகிற அந்த மோட்டார் அவளுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"என்னாச்சு ரித்தீசு?" என்றார் டீச்சர்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர்."

சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். நனைத்த சாக்பீஸ், தூக்கி வைத்த பெஞ்சு, சாத்திய புத்தக அறை எல்லாம் ஒவ்வொன்றாக அவன் கண் முன் வந்து போயின. ரெஹானாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அப்ப உங்களுக்கெல்லாம் இப்பிடிக் கேக்காதா?"

ரித்தீஷ் இல்லையென்று தலையசைத்தான்.

"எல்லாத்துக்கும் இப்பிடித்தான் கேக்குதுன்னு நெனச்சேன். எல்லாரும் தாங்கிட்டு இருக்கறாங்க, எனக்குத்தான் தெம்பு பத்தலைன்னு நெனச்சேன். எங்கம்மா அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஊர்ல இல்லாத காது உனக்கு மட்டும் வந்திருச்சான்னு கேப்பாங்க." அவர் குரலில் கோபமோ அழுகையோ இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரிச் சொன்னார்.

"டீச்சர், இதைத் திருப்பியும் போடலாங்க" என்றாள் ரெஹானா தயங்கித் தயங்கி. "மத்தவங்களுக்கு எப்பிடிக் கேக்கும்னு நீங்க கேக்கலாம். வேணுங்களா?"

டீச்சர் தலையை ஆட்டினார். ரெஹானா எதையோ மாற்றிவிட்டுப் பட்டையை அவர் நெற்றியில் கட்டினாள்.

கூடத்தில் தட்டு கழுவுகிற சத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் டீச்சரின் தோள் இறங்கியது. அவர் தோள் அதுவரை தூக்கியே இருந்தது என்பது இறங்கிய பிறகுதான் ரித்தீஷுக்குத் தெரிந்தது. புளியங்கொட்டை நின்றுவிட்டது.

"இத்தனை லேசாவா இருக்கறீங்க நீங்கெல்லாம்" என்றார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு நெற்றி சுருங்கியது. காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "காத்தாலை எங்க போச்சு? நின்னு போச்சா?"

"ஓடிட்டுத்தாங்க இருக்குது. அத்தனை தூரத்துல ஓடறது எங்களுக்குக் கேக்காதுங்க" என்றான் ரித்தீஷ்.

"பொய் சொல்லாதே. நாலாப்புல நீ சொல்லிருக்கறே, கேக்குதுன்னு."

"அது உங்க கிளாஸ்லீங்க டீச்சர். அங்க மட்டுந்தான் கேட்டுச்சு."

டீச்சர் அவன் சொன்னதை யோசித்தபடியே பட்டையைக் கழற்றினார். மடித்து ரெஹானாவின் கையில் கொடுத்தார். தோள் மறுபடி ஏறிக்கொண்டது. "எனக்கு இதுவே போதும்மா. பழகிருச்சு."

ரெஹானாவுக்கு ஆபீஸ் கவலை வந்துவிட்டது. கோடு உச்சியில் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் மூன்றாவது பள்ளியும் ஆகாது என்றுதான் ஆகும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"சட்டத்துல என்ன இருக்குது? ஆகாதுன்னு ஸ்கூலு சொல்லோணுமா, சொல்லலாமா?" என்றார் டீச்சர்.

"சொல்லலாம்னுதாங்க இருக்குது."

"நான் சொல்லலை. எனக்கு வலிக்குதான்னு கேட்டீனா, வலிக்குது. வேலைக்கு வந்த நாள்ல இருந்து வலிக்குது. அதுக்குன்னு என்னைய யாரும் மலைக்கு அனுப்பலையே. நான் பிள்ளைங்களோடதான இருந்தேன்." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு இருந்து வரச் சொல்லு. இப்ப மணி அடிக்கோணும்."

வகுப்பு வகுப்பாகப் போய், "இப்ப மணி அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மரத்தடிக்கு வந்தார். அருக்காணி தண்டவாளத் துண்டையே வெறித்துக்கொண்டு நின்றாள். அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையும் காதுக்குப் போயிருந்தன. ஹர்ஷினி பதறி, "டீச்சர், ஒரு நிமிசங்க, இவளை வெளிய கூட்டிட்டுப் போயர்றேன்" என்றாள்.

"இருக்கட்டும்மா."

டீச்சர் அருக்காணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள். "பெரிய சத்தமா வரும். மத்தவங்க அடிச்சா எப்ப வரும்னு தெரியாது. அதான் பயம். நானே அடிச்சா எப்ப வரும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நான் யாருக்கும் குடுக்கலை." அடிக்கிற இரும்புக் கம்பியை அவளுக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்தார். "வேணும்னா நீ அடி. வேண்டாம்னா நான் சொல்லிட்டு அடிக்கறேன்."

வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். டீச்சர் கம்பியை இன்னொருவருக்குக் கொடுத்து அவர்கள் பார்த்ததே இல்லை. அருக்காணி வெகுநேரம் கம்பியைப் பார்த்தாள். ஒரு கை காதிலிருந்து இறங்கியது. அப்புறம் இன்னொன்றும் இறங்கியது. இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கினாள். கனத்தில் தள்ளாடினாள். ரித்தீஷ் ஓரடி முன்னால் போனான், ஹர்ஷினி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

அடித்தாள்.

டீச்சர் அசையவில்லை. அருக்காணியும் அசையவில்லை. ரித்தீஷ்தான் தூக்கிவாரிப் போட்டு ஒரு குதி குதித்தான்.

மணி மெல்ல மெல்ல அடங்கியது. அது அடங்கிய இடத்திலிருந்து, அதே சுருதியில், "ம்ம்ம்" என்று அருக்காணி எடுத்தாள். மில் மோட்டார் இல்லாத ஓர் இடத்தில் அவள் அப்படி இழுத்து அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை. டீச்சர் உஷ் என்று சொல்லவில்லை. வராந்தாப் பக்கம் திரும்பி, "எங்க, புதுப் பிள்ளைக்கு ஒரு மழை காட்டுங்க" என்றார்.

நூறு பிள்ளைகளும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை உதறினார்கள். ஒரு சத்தமில்லை. அருக்காணி திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கம்பியைக் கீழே வைத்தாள், தானும் இரண்டு கையைத் தூக்கினாள், மில்லில் மூட்டை மேல் உட்கார்ந்து எப்போதும் செய்வதுபோல் உதற ஆரம்பித்தாள். இரண்டு பள்ளியிலும் திருத்த வேண்டிய பழக்கம் என்று சொன்னார்களே, அதே உதறல்தான்.

ஹர்ஷினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரித்தீஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முப்பது வருஷத்துக்குப் பிறகு, அவனும் இரண்டு கையையும் தூக்கினான்.